வெளிநாட்டு இன்டர்வியூவில் உங்களிடம் என்ன கேட்டார்கள்?

ஐ.சி.யூ. நர்ஸ், நாகர்கோவில் (இப்போது இங்கிலாந்து)

என்.எச்.எஸ். (இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை) இன்டர்வியூவுக்கு என்ன படிக்கணும் என்று தங்கச்சிகள் தனித்தனியாகக் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே போட்டுவிடுகிறேன்.

பாடப்புத்தகத்தைத் தூக்கி வையுங்கள். நம் ஊர் வைவா மாதிரி நோய்க்கு விளக்கம், மருந்தின் வகை என்று என்னிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. வீடியோவில் இரண்டு பேர். ஒருவர் வார்டு மேனேஜர், இன்னொருவர் புதிதாக வரும் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். ‘இப்போது பார்க்கும் டியூட்டியைச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பித்தார்கள். எத்தனை படுக்கை, உங்கள் பொறுப்பில் எத்தனை பேஷண்ட், வென்டிலேட்டரில் எத்தனை பேர், மருந்து ஏற்றும் பம்ப்பை நீங்களே செட் பண்ணுவீர்களா, ராத்திரி டாக்டர் எங்கே இருப்பார்... இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்க மாட்டோம். வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்துச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து சினாரியோ. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவர். மூச்சு நிமிடத்துக்கு 26, ஆக்சிஜன் 91, மேல் பிரஷர் 98, நாடி 118. என்ன செய்வீர்கள்? ‘டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவேன்’ என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். கூப்பிடத்தான் வேண்டும். அவர் வந்து சேரும்வரை உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கிறார்கள். ஏ-பி-சி-டி-இ வரிசையில் சொல்லுங்கள்: மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, பிறகு போர்வையை விலக்கி ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது. பேஷண்ட் நிலை எவ்வளவு மோசம் என்று காட்டும் நியூஸ் 2 என்ற மதிப்பெண் அட்டவணை ஒன்று அங்கே வார்டில் எப்போதும் புழக்கத்தில் இருக்கும். மேலே சொன்ன நாலும் முறையே 3, 3, 2, 2. கூட்டினால் 10. அங்கே 7 தொட்டாலே எமர்ஜென்சி. மனப்பாடம் செய்வதென்றால் இந்த அட்டவணையைச் செய்யுங்கள், வீண்போகாது.

நம்மவர்கள் தடுமாறுவது வேறொரு கேள்வியில். ‘சீனியர் நர்ஸ் தப்பான மருந்து கொடுப்பதைப் பார்க்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?’ சீனியர் அக்காவைக் காட்டிக்கொடுக்காமல் பக்குவமாகச் சொல்லிச் சமாளிப்பதுதான் நாம் வளர்ந்த முறை. அங்கே அது எடுபடாது. முதலில் பேஷண்டைப் பாருங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், இன்சார்ஜிடம் சொல்லுங்கள், சம்பவ ரிப்போர்ட் போடுங்கள். நடந்ததைப் பேஷண்டிடமும் மறைக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது குரல் இறங்கினால் அதையும் கவனிப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பெரியவர் மாத்திரை வேண்டாம் என்கிறார், மகள் ‘வாயைத் திறந்து போட்டுவிடுங்க சிஸ்டர்’ என்கிறாள். இதுவும் வந்தது. மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. முடிவெடுக்கும் திறன் அவருக்கு இருக்கிறது என்றுதான் இங்கிலாந்தின் 2005-ஆம் வருட மென்டல் கெப்பாசிட்டி சட்டப்படி தொடங்க வேண்டும். ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். எனக்குப் பிடித்த கேள்வி இது. நம் வார்டுகளில் இதை யோசிக்க யாருக்கு நேரம்!

இங்கிலீஷ் பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்றால் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. மருத்துவத் துறையினருக்கான ஓ.ஈ.டி. என்றால் பி கிரேடு, எழுத்துக்கு மட்டும் சி பிளஸ் போதும். அது தனிக் கதை.

பைப் வெல்டர், திருச்சி

அக்கா சொன்னது படிச்சவங்க இன்டர்வியூ. எங்களுக்கு ட்ரேடு டெஸ்ட்தான், வாய்ப்பேச்சு கம்மி. கல்ஃப் ரிஃபைனரி வேலைக்குச் சென்னையில வெச்சு எடுத்தாங்க. 6ஜி-ங்கற பொசிஷன்ல டெஸ்ட். பைப்பை 45 டிகிரி சாய்ச்சு கிளாம்ப் அடிச்சிருப்பாங்க. பைப் திரும்பாது, நாமதான் சுத்தி வரணும். ரூட்டு, அதாவது அடி அடுக்கு, டிக் (TIG) வெல்டிங்ல, மேல 7018 ராடு.

பல பேர் நினைக்கிற மாதிரி கடைசியில வந்து மேல் அடுக்கை மட்டும் பாத்துட்டுப் போறதில்ல. நாம உள்ள வந்ததுலேர்ந்து பாக்குறாங்க. ராடை ஓவன்லேர்ந்து எடுத்தானா, வெளிய கிடந்ததை எடுத்தானா. 7018 ஈரம் இழுத்தா ஜாயின்ட்டுல விரிசல் விடும், அது அவங்களுக்குத் தெரியும். பைப்பைச் சேர்த்து வெக்கிறப்ப நடுவுல இடைவெளி சரியா வெச்சானா, ரூட்டு முடிச்சதும் கிரைண்டர் போட்டுச் சுத்தம் பண்ணானா, கண்ணாடி போட்டானா. அப்புறம் எக்ஸ்ரே. எக்ஸ்ரேல பொய் சொல்ல முடியாது. வாயில கேட்டது ரெண்டே விஷயம்: ஹாட் ஒர்க் பெர்மிட் (தீப்பொறி வர்ற வேலைக்கு எழுத்துல அனுமதி) இல்லாம ஆர்க் அடிப்பியா, பக்கத்துல தீயைக் கவனிக்கிற ஃபயர் வாட்ச் யாரு. இந்தி தெரிஞ்சா போதும், சூப்பர்வைசர் பாதிப்பேர் நம்மாளுங்கதான்.

ரெண்டு வாரம் முன்னாடியே தினம் ஒரு கூப்பன் (பழகுற பைப் துண்டு) அடிச்சுப் பழகுங்க தம்பிகளா. கை விட்டுப்போச்சுன்னா ரூட்டுலயே தெரிஞ்சிடும்.

செலக்ட் ஆனதும் சம்பளத்துல பேசிக் எவ்வளவு, சாப்பாடு தனியா, ஓவர்டைம் எதை வெச்சுக் கணக்குன்னு எழுத்துல வாங்குங்க. டோட்டலைச் சொல்லி வாயை அடைப்பாங்க.

திண்டுக்கல், ஜி.என்.எம். (நர்ஸிங் டிப்ளமா), இரண்டு வருட அனுபவம்

அக்கா, ஒரு சந்தேகம். அவங்க உச்சரிப்பு புரியலைன்னா என்ன செய்ய? திரும்பத் திரும்பக் கேட்டா இங்கிலீஷ் தெரியாதுன்னு நினைச்சுட மாட்டாங்களா?

முதியோர் இல்ல நர்ஸ், ஜெர்மனி (சொந்த ஊர் சேலம்)

நினைக்க மாட்டாங்கம்மா. எனக்கு இன்டர்வியூ ஜெர்மன் மொழியில். ஜெர்மன் மொழித்தேர்வில் பி2 நிலை பாஸ் பண்ணியிருந்தும் இன்டர்வியூ எடுத்த அம்மா பேசியதில் பாதி பிடிபடவில்லை. ‘மெதுவாகச் சொல்லுங்கள்’ என்றேன், பிறகு ‘நீங்கள் கேட்டது இதுதானே’ என்று என் வார்த்தையில் திருப்பிச் சொன்னேன். அதற்குத்தான் வேலையே கிடைத்தது என்று பின்னால் சொன்னார்கள். புரியாமல் தலையாட்டும் நர்ஸ் மருந்து கொடுப்பதில் அவர்களுக்குப் பயம்.

இன்னொன்று. குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் இங்கே நர்ஸ் வேலை. நம் ஊரில் அட்டெண்டர் செய்வார், பெரும்பாலும் சொந்தக்காரர்களே செய்துவிடுவார்கள். ‘இதைச் செய்வீர்களா’ என்று நேரடியாகவே கேட்பார்கள். உங்கள் படிப்புக்கு இங்கே அங்கீகாரம் வரும்வரை உதவியாளராகத்தான் வேலை, சம்பளமும் அதற்கேற்ப. மனசில்லாமல் சரி என்று சொல்லாதீர்கள், முதல் வாரத்திலேயே கசந்துவிடும்.

பைப் வெல்டர், திருச்சி

காசு விஷயம் யாரும் சொல்லலையே. என் கூட டெஸ்ட் எழுதின பையன்கிட்ட ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்டான். ஏஜென்ட் வாங்கலாம்னு சட்டம் சொல்றது 30,000, மேல ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். ஏஜென்ட்டோட லைசென்ஸ் நம்பரை இ-மைக்ரேட்ங்கற மத்திய அரசு வெப்சைட்ல போட்டுப் பாருங்க. இல்லைன்னா எழுந்து வந்துடுங்க. டெஸ்ட் அன்னிக்கே ஒரிஜினல் பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கறவன்கிட்டயும் அதேதான்.

ஐ.சி.யூ. நர்ஸ், நாகர்கோவில் (இப்போது இங்கிலாந்து)

தம்பி சொன்னது சரி. இங்கிலாந்துக்கு ஆளெடுக்கும் ஏஜென்சி நர்ஸிடம் கமிஷன் வாங்கவே கூடாது, இங்குள்ள அரசு விதி அப்படி. கல்ஃப் போகிறவர்கள் சென்னையில் ஓ.எம்.சி.எல். அறிவிப்புகளைப் பாருங்கள். தமிழ்நாடு அரசு நிறுவனம், 1978-லிருந்து இருக்கிறது.

திண்டுக்கல் தங்கச்சிக்கு: மெயிலில் நேரம் எந்த ஊர்க் கணக்கு என்று பார்த்துக்கொள். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறுவரை இங்கிலாந்து நம்மைவிட நாலரை மணி பின்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை. எந்த ட்ரஸ்ட் (ஆஸ்பத்திரியை நடத்தும் என்.எச்.எஸ். அமைப்பு), எந்த வார்டு என்று சொல்லு, சனிக்கிழமை ராத்திரி ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் பார்ப்போம்.