எமரால்ட்: பீபாஸ் மிலோட்டிக் ஆகவில்லை, நீலப் போக்கிபிளாக்கும் இனிச் சாப்பிடாதாம். உதவி தேவை

கொக்குவில் வாசி:
வணக்கம். கேம்போய் அட்வான்ஸில் போக்கிமான் எமரால்ட் ஆடுகிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் திரும்பும்போது கசெற்றைத் தன் பழைய சேமிப்போடு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதில் ஒரு பெண் பீபாஸ் இருக்கிறது, 43ஆம் லெவல். மிலோட்டிக் என்ற அழகான போக்கிமானாக மாறக்கூடிய மீன் இது. 119ஆம் ரூட்டில் ஒரு கோடை விடுமுறையையே கரைத்துப் பிடித்த மீன் என்கிறான். அவன் மிலோட்டிக் ஆக்காமல் விட்டதை நான் ஆக்கிக் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. கடைசிப் போட்டியில் சாம்பியன் வாலஸ் இறக்கிய மிலோட்டிக்கைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது.

ரேர் கேண்டி கொடுத்து லெவலை ஏற்றினாலும் மாறவில்லை. பெர்ரிப் பழங்களில் செய்யும் தீனியான போக்கிபிளாக்கில் நீல நிறத்தைக் கொடுக்கப் போனால் இனிச் சாப்பிடாது என்று வருகிறது. ஆட்டத்தைத் தொடங்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் பற்றரி தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பும் வருகிறது. பற்றரி போனதால்தான் மாறவில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ தமிழன்:
தம்பி, பிரிசம் ஸ்கேல் என்றொரு பொருள் இருக்கிறது. அதை பீபாஸ் கையில் கொடுத்து இன்னொருவருக்கு ட்ரேட் செய்தால் உடனே மிலோட்டிக் ஆகிவிடும். என் மகள் நின்டெண்டோ சுவிட்சில் அப்படித்தான் ஆக்கினாள்.

பாசையூர்த் தூண்டில்:
அது புதிய ஆட்டங்களுக்குச் சரி, அண்ணா. பிரிசம் ஸ்கேல் 2010இல் பிளாக், வைட் ஆட்டங்களோடுதான் வந்தது. எமரால்ட் அதற்கு முந்தியது, அங்கே அப்படி ஒரு பொருளே கிடையாது. மேஜிகார்ப் என்ற இன்னொரு மீன் என்றால் 20ஆம் லெவலில் தானாகவே கியாரடோஸ் ஆகிவிடும். பீபாஸை லெவல் மட்டும் மாற்றாது. எமரால்டில் அதன் அழகு அளவு 170ஐத் தொட்டிருக்க வேண்டும், அதன்பின் ஒரு லெவல் ஏற வேண்டும். இது ஒன்றே வழி.

தம்பி, நீர் சில விவரங்களைப் பார்த்து எழுதும். மீனின் இயல்பு என்ன? மாறவிடாமல் தடுக்கும் எவர்ஸ்டோன் என்ற கல்லைக் கையில் வைத்திருக்கிறதா? போக்கிநா என்ற ஆட்டத்துக்குள் இருக்கும் கருவியில் அதன் கண்டிஷன் பக்கத்தைத் திறந்து, ஐங்கோணப் படத்தில் அழகின் முனை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பாரும். சுற்றி மின்னும் நட்சத்திரங்கள் எத்தனை? போக்கிபிளாக் பெட்டியில் மிச்சம் இருந்தால் அதன் லெவலும், கீழே ஃபீல் என்று காட்டும் எண்ணும் வேண்டும்.

திருநெல்வேலி ரிப்பேர்:
பற்றரி வேலையை நான் செய்து தரலாம். உள்ளே இருப்பது சிஆர் 1616, சில கார்ச் சாவிகளின் ரிமோட்டிலும் அதே அளவுதான். காதுத் தகடு ஒட்டியே வரும் பற்றரியாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பற்றரியின் மேல் நேராக ஈயம் பற்றவைத்தால் சூட்டில் கெட்டுவிடும், வெடிக்கவும் கூடும். கசெற்றின் திருகு மூன்று கீற்றுள்ளது. சாதாரணத் திருப்புளியை வைத்து அழுத்தினால் தலை மழுங்கிவிடும், பிறகு எங்களாலும் திறக்க முடியாது.

கொக்குவில் வாசி:
எல்லோருக்கும் நன்றி. இயல்பு அடமன்ட். எவர்ஸ்டோன் இல்லை, கை வெறுமையாக இருக்கிறது. ஐங்கோணத்தில் நீல முனை மட்டும் நன்றாக நீண்டிருக்கிறது, மற்ற நான்கும் நடுவிலேயே ஒட்டிக் கிடக்கின்றன. நட்சத்திரங்கள் படத்தைச் சுற்றி நிறைந்து மின்னுகின்றன. பெட்டியில் 14 நீலப் போக்கிபிளாக்குகள் மிச்சம். எல்லாமே லெவல் 16, ஃபீல் 22. முன்பு கொடுத்தவையும் இதே வகைதான் என்று மச்சான் வாட்ஸ்அப்பில் சொன்னான்.

பாசையூர்த் தூண்டில்:
இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது. பற்றரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒவ்வொரு போக்கிபிளாக்கும் மீனுக்கு இரண்டு எண்களைக் கூட்டுகிறது. லெவல் அழகில் சேரும். ஃபீல் வேறொரு கணக்கில் சேரும், அதைத்தான் அந்த நட்சத்திரங்கள் காட்டுகின்றன. இரண்டாவது கணக்கு 255ஐத் தொட்டதும் வயிறு நிறைந்துவிடும். அதன்பின் எந்த நிறத்தில் எதைக் கொடுத்தாலும் தொடாது. அதைக் குறைக்க ஆட்டத்தில் ஒரு வழியும் வைக்கவில்லை.

இனி உம்முடைய மீனின் கணக்கைப் பாரும். ஃபீல் 22 என்றால் 11 தின்றதும் 242. இன்னும் இடம் இருப்பதால் பன்னிரண்டாவதையும் வாங்கிக்கொள்ளும், அத்தோடு நிறைந்துவிடும். லெவல் 16 வீதம் 12 என்றால் 192 வர வேண்டும், அது தாராளமாகப் போதும். ஆனால் இந்த மீன் அடமன்ட். அடமன்ட் இயல்புக்கு நீலத்தின் உலர் சுவை பிடிக்காது. பிடிக்காத சுவையில் பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். 16இல் 1.6, ஆட்டம் அதை 2 என்று முழுமையாக்கிக் கழிக்கும். ஆக ஒவ்வொன்றுக்கும் 14தான் சேர்ந்திருக்கிறது. 12 முறை 14 என்றால் 168.

170க்கு வெறும் இரண்டு குறைவு. உம்முடைய மச்சான் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கே நெஞ்சு கனக்கிறது. இந்தக் கசெற்றுக்குள் இந்த மீன் இனி மாறாது. நீலத் துணி (புளூ ஸ்கார்ஃப்) கட்டினாலும் பயனில்லை. அது போட்டி மேடையில் மட்டும்தான் அழகைக் கூட்டிக் காட்டும், மீனின் உண்மையான அளவைத் தொடாது.

ஆனாலும் இந்த மீனை ஒதுக்கிவிட வேண்டாம், இதன் குஞ்சை மிலோட்டிக் ஆக்கலாம். முட்டையிலிருந்து வரும் பீபாஸின் இரண்டு கணக்குகளும் பூச்சியத்தில்தான் தொடங்கும்.

பெண் மீனாக இருப்பது நல்ல வசதி. எந்த இனத்தோடும் சேர்ந்து முட்டை தரக்கூடிய டிட்டோவைத் தேடிப் பாலைவனச் சுரங்கத்துக்கு அலையத் தேவையில்லை. ஓர் ஆண் மேஜிகார்ப் போதும். பழைய தூண்டிலை எந்தத் தண்ணீரில் போட்டாலும் பெரும்பாலும் அதுதான் வந்து மாட்டும். பீபாஸ் நீர்-1 முட்டைக் குழுவையும் டிராகன் குழுவையும் சேர்ந்தது, மேஜிகார்ப் நீர்-2ஐயும் டிராகனையும் சேர்ந்தது. டிராகன் குழுவில் இரண்டும் சந்திக்கின்றன. அடிப்படை எண்களைக் கூட்டினால் இரண்டுக்குமே 200தான் வரும், ஆட்டத்திலேயே மிகவும் மெலிந்த மீன்கள். அவற்றையும் டிராகன் குழுவில் சேர்த்து வைத்தார்களே, அந்த மனம் எனக்கு மிகவும் பிடிக்கும். முட்டை தாயின் இனம் என்பதால் வருவது பீபாஸ்தான்.

117ஆம் ரூட்டில் இருக்கும் வளர்ப்பு மனையில் இரண்டையும் விடும். ஒரே சேமிப்பில் பிடித்த வெவ்வேறு இனங்கள் என்பதால் முட்டை சற்றுத் தாமதமாகும். கிழவர் இருவருக்கும் ஒத்துவரவில்லை என்பதுபோல் சொல்வார், கவலைப்படாமல் நடந்துகொண்டே இரும். தாயின் கையில் எவர்ஸ்டோன் மட்டும் கொடுத்துவிடாதேயும். எமரால்டில் அது தாயின் இயல்பைப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் குஞ்சுக்கும் கொடுத்துவிடும், மறுபடியும் அடமன்ட் வந்து நிற்கும்.

முட்டை பொரிக்க 5,120 அடி நடக்க வேண்டும். நெருப்புப் பாதையில் ஸ்லக்மா என்ற நெருப்பு வகைப் போக்கிமான் ஒன்றைப் பிடித்துக் கூடவே வைத்துக்கொண்டால் எமரால்டில் அது பாதியாகக் குறையும்.

குஞ்சு வந்ததும் வாய்க்குள் எதையும் கொடுக்காமல் முதலில் இயல்பைப் பாரும். மொடஸ்ட், மைல்ட், குவயட், ராஷ் நான்குக்கும் உலர் சுவை பிடிக்கும். உம்மிடமுள்ள போக்கிபிளாக்கில் ஒவ்வொன்றும் 18 கூட்டும், பத்தே போதும். அடமன்ட், ஜொலி, இம்பிஷ், கேர்ஃபுல் நான்கும் வேண்டாம். மற்றப் பதினேழு இயல்புகளில் எது வந்தாலும் 11 கொடுத்தால் 176 வரும். உம்மிடம் 14 இருக்கின்றன. ஒரு மீனுக்குத்தான் போதும், ஆகவே இயல்பு பார்க்காமல் ஒன்றைக்கூடச் செலவழிக்க வேண்டாம்.

கொக்குவில் வாசி:
அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. 168 என்று வாசித்ததும் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. பற்றரியை இப்போதே மாற்றவா, அல்லது முட்டை வேலை முடிந்தபின் மாற்றவா?

பாசையூர்த் தூண்டில்:
முட்டை அடிக்கணக்கில் ஓடுகிறது, கடிகாரம் தேவையில்லை. பற்றரி இல்லாததால் நின்று போவது பெர்ரி வளர்வது, ஷோல் குகையின் வற்று பெருக்கு போன்றவை. உம்முடைய வேலைக்குப் புதிய பெர்ரி தேவைப்படாததால் இப்போது கசெற்றைத் திறக்க வேண்டாம்.

திருநெல்வேலி ரிப்பேர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பற்றரியைக் கழற்றினால் சேமிப்பு அழியாது, அது வேறு சில்லில் இருக்கிறது. ஆனால் புதிய பற்றரி போட்டதும் கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். பழைய சேமிப்பு கடைசியாகக் குறித்துவைத்த நேரத்தை அது எட்டும்வரை பெர்ரி வளராது. உம்முடைய மச்சான் பல வருடம் ஆடியிருந்தால் அத்தனை வருடமும் காத்திருக்க வேண்டும். புதிதாக ஓர் ஆட்டம் தொடங்க நினைக்கும்போது மாற்றுவதுதான் நல்லது.

அந்த மீனையே மிலோட்டிக் ஆகப் பார்க்க வேண்டும் என்று மச்சான் விரும்பினால் நீண்ட வழி ஒன்றும் இருக்கிறது. கேம்போய் கசெற் போடும் துளையுள்ள நின்டெண்டோ டிஎஸ் அல்லது டிஎஸ் லைட் ஒன்றில், பால் பார்க் என்ற இடமாற்ற வசதி வழியாக டயமண்ட், பேர்ள் போன்ற ஆட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பிளாக் அல்லது வைட்டுக்கு ஏற்றி, பிரிசம் ஸ்கேலோடு ட்ரேட் செய்யலாம். ஸ்காபரோ அண்ணா சொன்ன வழி அங்கேதான் பலிக்கும். டிஎஸ்ஐயில் அந்தத் துளை இல்லை. போன மீன் எமரால்டுக்குத் திரும்பி வராது, யோசித்துச் செய்யும்.

சாவகச்சேரி 349:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது எமரால்டின் உடன்பிறப்பான சபையர் ஆட்டம். 119ஆம் ரூட்டில் எவ்வளவு தூண்டில் போட்டும் பீபாஸ் ஒன்றுகூட வரவில்லை. சூப்பர் ரொட் என்ற தூண்டிலில் கர்வான்யா என்ற வேறு மீன் மட்டுமே வருகிறது.

நீலமணி:
இதற்கு நான் சொல்கிறேன் தம்பி, இந்த ஆற்றை நான் முழுவதும் அலசியிருக்கிறேன். நூற்றுக்கணக்கான கட்டங்கள் உள்ள அந்த ஆற்றில் ஆறே ஆறு கட்டங்களில்தான் பீபாஸ் இருக்கும். அந்த ஆறும் எவை என்பதை டியூஃபர்ட் ஊரில் அப்போது எல்லோரும் பேசும் சொற்றொடர் முடிவு செய்கிறது. சொற்றொடர் மாறினால் கட்டங்களும் இடம் மாறிவிடும். தேடி முடியும்வரை டியூஃபர்ட் பையனிடம் புதுச் சொற்றொடர் சொல்ல வேண்டாம். உங்கள் கசெற்றில் பற்றரி உயிரோடு இருந்தால் நாள் போகப் போக அது தானாகவும் மாறலாம். கொக்குவில் தம்பியின் கசெற்றைப்போல் பற்றரி தீர்ந்திருந்தால் அந்தக் கவலை இல்லை, கட்டங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சரியான கட்டத்தில் நின்றாலும் மீன் கடிக்கும்போது அது பீபாஸாக இருக்கப் பாதி வாய்ப்புத்தான். ஒருமுறை போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தால் கைக்கு வந்ததைத் தவறவிடுவீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கைந்து கடி பார்த்துவிட்டு நகருங்கள். சூப்பர் ரொட் தேவையில்லை, எந்தத் தூண்டிலுக்கும் பீபாஸ் வரும். பழைய தூண்டிலில் ஒரே இழுப்பில் மீன் வந்துவிடுவதால் வேகமாக முடியும். நான் ஒரு சதுரக் கொப்பியில் ஆற்றைக் கட்டம் கட்டமாக வரைந்து, பார்த்து முடித்ததைப் பென்சிலால் நிழலிட்டுக்கொண்டே போனேன். நீர்வீழ்ச்சிக்கு மேலே இருக்கும் பகுதியையும் மறக்காமல் வரையுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு கட்டம் அகப்பட்டால் அங்கேயே நின்று வேண்டிய அளவு பிடியுங்கள். இயல்பு பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

சாவகச்சேரி 349:
நன்றி அக்கா. இன்றே கொப்பியோடு உட்காருகிறேன்.

கொக்குவில் வாசி:
முட்டை வந்தது. முதலில் பொரித்தது கேர்ஃபுல், அண்ணா சொன்னபடி எதுவும் கொடுக்காமல் பெட்டியில் வைத்துவிட்டேன். பிறகு வந்தது மைல்ட். பத்துப் போக்கிபிளாக் கொடுத்தேன், ஒவ்வொரு முறையும் நீல முனை நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் லெவலிலிருந்து ஒரு ரேர் கேண்டி கொடுத்ததும் திரை வெளுத்து, மிலோட்டிக் வந்துவிட்டது! ஆறாம் லெவலில் மிலோட்டிக்! படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன், அங்கே நடு இரவு, உடனே அழைத்துவிட்டான். இனி இதற்கு என்ன தாக்குதல்களைக் கற்றுக்கொடுக்கலாம்?

பாசையூர்த் தூண்டில்:
வாழ்த்துகள் தம்பி, மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது. அடிப்படை எண்களின் கூட்டுத்தொகை 200 இருந்த இடத்தில் இப்போது 540. சிறப்புத் தற்காப்பு மட்டும் 125. சர்ஃப் என்ற நீர்த் தாக்குதலைக் கட்டாயம் கொடும். உயிரை மீட்கும் ரிக்கவரை லெவல் ஏறும்போது தானாகவே கற்கும், வந்ததும் விடாதேயும். மார்வல் ஸ்கேல் என்ற அதன் திறன், விஷமோ தீக்காயமோ பட்டிருக்கும்போது தற்காப்பை ஒன்றரை மடங்காக்கும். ஆகவே விஷம் ஏறியதும் அவசரப்பட்டு மருந்து கொடுக்க வேண்டாம், ரிக்கவர் இருந்தால் தாங்கி நிற்கும். புல் வகையை எதிர்க்க ஐஸ் பீம் தேவை, கைவிடப்பட்ட கப்பலுக்குள் கிடக்கும். மச்சான் ஏற்கனவே எடுத்திருப்பார், முதலில் பையைத் திறந்து, ஐஸ் பீமைக் கற்றுக்கொடுக்கும் டிஎம் 13 மிச்சம் இருக்கிறதா என்று பாரும். எமரால்டில் ஒரு டிஎம்மை ஒருமுறைதான் பயன்படுத்தலாம்.