வயலும் ஆராதனையும் இரு வேறு வாழ்க்கையா?

கேள்வி (மேலூர்க்காரர்):
மதுரையில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே, மேலூர் அருகே பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் தகப்பனார் விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் வயலையும் விடுமுறை நாள்களில் கவனித்து வருகிறேன். ஞாயிறு ஆராதனையில் என் மனம் அலைகிறது. அரிட்டாபட்டி மலையடியில் வல்லூறு வட்டமிடுவதைப் பார்த்து நிற்கும் அரைமணி நேரத்திலோ கர்த்தருடைய சமுகத்தில் இருப்பதாக உணர்கிறேன். சபையின் மூத்தவர் ஒருவர், இது இயற்கை வழிபாட்டில் போய் முடியும் என்று அக்கறையோடு எச்சரித்தார். ஜெபம், அலுவலகம், வயல் என்று மூன்று துண்டுகளாகக் கிடக்கும் வாழ்வை எப்படி ஒன்றாக்குவது?

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆசிரியை, அரசரடி):
தம்பி, ஆதியாகமம் 2:15ஐ மறுபடி வாசித்துப் பாருங்கள். தோட்டத்தைப் 'பண்படுத்தவும் காக்கவும்' மனிதன் வைக்கப்பட்டான் என்று நாம் வாசிக்கும் இடத்தில், மூல எபிரெயத்தில் உள்ள முதற்சொல்லுக்கு உழுதல், ஊழியம் செய்தல் ஆகிய இரண்டு பொருளும் உண்டு. அதே இரு வினைச்சொற்கள்தான் எண்ணாகமம் 3ஆம் அதிகாரத்தில் ஆலயப் பணிக்கென ஒதுக்கப்பட்ட லேவி குலத்தார், அதாவது லேவியர், வழிபாட்டுக் கூடாரமாகிய ஆசரிப்புக் கூடாரத்தில் செய்யும் பணிக்கும் வருகின்றன. ஆகவே வயலில் நீங்கள் மண்வெட்டி பிடிப்பதும் பலிபீடத்தருகே லேவியர் நின்றதும் வேதத்தின் மொழியில் ஒரே குடும்பத்துச் சொற்கள். எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு: அறுப்பின் பண்டிகையில் நெற்கதிரையும் வாழைத்தாரையும் பீடத்தில் படைத்து, ஏலம் விட்டு மகிழ்கிறோம், அந்தக் கதிர் எத்தனை மருந்தடிப்புக்குப் பின் வந்தது, நாற்று நட்ட பெண்களுக்கு என்ன கூலி கொடுத்தோம் என்று ஒருபோதும் கேட்பதில்லை. துண்டுபட்ட வாழ்வு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

மறுமொழி (நத்தம் பகுதி விவசாயி):
நான் கத்தோலிக்கன். துறவியான அசிசி நகர் பிரான்சிஸ் 1225இல், நோயுற்று, கண்பார்வை மங்கிய நிலையில்தான் கதிரவனைச் சகோதரன் என்றும் தண்ணீரைச் சகோதரி என்றும் அழைத்துப் பாடினார். உடன்பிறப்பை யாரும் தெய்வமென்று வணங்குவதில்லை அல்லவா? அந்தப் பாடலின் புகழ்ச்சி முழுவதும் படைத்தவருக்கே போய்ச் சேர்கிறது. உங்கள் மூத்தவருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாடலின் வரியையே பெயராகக் கொண்டு 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய திருமடலும் ஏழையின் அழுகுரலையும் பூமியின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது.

மறுமொழி (திருநகர் வாசகர்):
ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். தனிமையில் கிடைக்கும் அமைதி போதாது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்ட பின்னரும், 2024இல் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்க்கப்பட்டது. ஊர்மக்கள் ஒன்றுகூடிப் போராடியதால்தான் 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. நீங்கள் நின்று வல்லூறைப் பார்க்கும் மலை அவர்களால் நிலைத்திருக்கிறது. அவர்களோடு பேசிப் பழகுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அம்மா கேட்ட கூலிக் கேள்விக்கு எனக்கே விடை தெரியவில்லை. நடவை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தேன். வரும் நடவுக்கு விடுப்பு எடுத்து நானே வயலில் நிற்கப்போகிறேன்.