டிஸ்கிரீட் மேத்ஸை லேபில் நடத்தலாமா?

கணக்கு_மேடம்:
எங்கள் கல்லூரி சின்னது. மூன்றாவது செமஸ்டர் சி.எஸ்.இ.யில் 38 பேர். அண்ணா பல்கலை 2021 ரெகுலேஷன். டிஸ்கிரீட் மேத்ஸ், அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அடிப்படையான தனிநிலைக் கணிதம்: லாஜிக்கில் தொடங்கி லாட்டிஸ் (எந்த இரண்டு உறுப்புக்கும் பொதுவான மேல் எல்லையும் கீழ் எல்லையும் உள்ள வரிசை அமைப்பு) வரை ஐந்து யூனிட். போன வாரம் டெஸ்டில் ஒரு பையன் லக்ராஞ்ச் தேற்றத்தை வரி பிசகாமல் எழுதியிருந்தான். "கோசெட்னா என்னப்பா?" என்று கேட்டேன். முழித்தான். அந்தத் தேற்றத்தின் நிரூபணமே கோசெட்டை வைத்துத்தான். வாரத்தில் ஒரு பீரியடை லேபுக்கு மாற்றி, ட்ரூத் டேபிள் (உண்மை அட்டவணை), கிராஃப் கலரிங் (கோட்டால் இணைந்த புள்ளிகளுக்கு வெவ்வேறு நிறம் தருவது) எல்லாம் பைத்தானில் செய்ய வைக்கலாம் என்றால் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) ஒத்துக்கொள்ளவில்லை.

நிரூபி_பார்ப்போம்:
நான் எச்.ஓ.டி. கட்சி, மேடம். ஓர் எண், அதன் வர்க்கம், 41 மூன்றையும் கூட்டச் சொல்லுங்கள். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். லூப் ஓட்டுகிறவன் அத்தோடு "ப்ரூவ் பண்ணிட்டேன்" என்று எழுந்துவிடுவான். 40 போட்டால் 1681. அது 41 பெருக்கல் 41. நிரூபணத்தை விட்டுவிட்டு இந்தப் பேப்பர் எதற்கு?

கணக்கு_மேடம்:
விடச் சொல்லவில்லையே! 39 வரை ஓட்டி நம்பிவிட்டு, 40-இல் அவர்களே விழட்டும். நான் போர்டில் சொன்னால் அதையும் டூ மார்க்காக மனப்பாடம் செய்வார்கள்.

அரியர்_அண்ணன்:
மூணாவது அட்டெம்ப்ட்லதான் நான் பாஸ். லோக்கல் ஆத்தர் புக்கும் கொஸ்டின் பேங்கும்தான் காப்பாத்துச்சு. இப்ப டேட்டாபேஸ் வேலை. ஒரு கண்டிஷன்ல நாட்-ஐ பிராக்கெட்டுக்குள்ள தள்ளினப்போ ஆண்ட்-ஐ ஓர்-ஆ மாத்தாம விட்டுட்டேன், ரிப்போர்ட் மொத்தமும் தப்பு. அப்படி மாத்தணும்னு விதி சொன்ன டி மார்கன் அன்னிக்குத்தான் புரிஞ்சார். லாட்டிஸ் எதுக்குன்னு இன்னிக்கும் தெரியாது.

நிரூபி_பார்ப்போம்:
கம்பைலரில் (புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) டேட்டா ஃப்ளோ அனாலிசிஸ், அதாவது புரோகிராமில் மதிப்புகள் எங்கெங்கே போகின்றன என்று பார்ப்பது, லாட்டிஸை வைத்துத்தான் நடக்கிறது, தம்பி. இதை நடத்தும் மேத்ஸ் டிபார்ட்மெண்ட் ஆட்கள் கம்பைலர் பக்கம் வருவதில்லை. கம்பைலர் எடுக்கும் எங்களுக்கோ லாட்டிஸ் மறந்துபோயிருக்கும். (நானும் அதில் அடக்கம்.) ஆனால் மேடம், 60 பீரியடில் ஐந்து யூனிட் முடிக்கவே மூச்சு முட்டும். லேபுக்கு நேரம்?

கணக்கு_மேடம்:
டுடோரியல் பீரியடைத்தான் கேட்கிறேன், சார். இப்போது அதில் கொஸ்டின் பேங்கைத்தானே பார்த்து எழுதுகிறார்கள்?

நிரூபி_பார்ப்போம்:
அப்படியென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: ரெக்கார்டு நோட் கேட்காதீர்கள். கேட்டால் ஒருத்தன் எழுதுவான், 37 பேர் காப்பி அடிப்பார்கள்.

அரியர்_அண்ணன்:
ரெக்கார்டு இல்லாத லேபா? எச்.ஓ.டி. கையெழுத்தை எங்க போடுவார், சார்?