சோதனைகளில் தேறிய எப்பாக்சி பூச்சில் கொப்புளங்கள் ஏன்?

கேள்வி:
வணக்கம். எஃகுத் தண்ணீர்த் தொட்டியொன்றின் உட்புறத்தில் இரண்டு கோட் எப்பாக்சி அடித்து ஓராண்டு ஆவதற்குள், நீர்மட்டத்திற்குக் கீழே மட்டும் கொப்புளங்கள் எழும்பியுள்ளன. மேற்பகுதியில் ஒன்றுகூட இல்லை. உலர்ந்த பூச்சின் தடிமன் குறித்த அளவில் இருந்தது, ஸ்பார்க் சோதனையிலும் (உயர் மின்னழுத்தத்தால் துளை தேடுவது) நுண்துளை எதுவும் அகப்படவில்லை. பெயின்டைச் சந்தேகிப்பதா, அடித்த முறையைச் சந்தேகிப்பதா?

பதில் 1:
அவ்விரண்டு சோதனைகளும் படலத்தைப் பற்றியவை. அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதை அவை காட்டமாட்டா. எப்பாக்சி நீரை முற்றாகத் தடுப்பதில்லை. எஃகின் மேல் குளோரைடு போன்ற கரையும் உப்பு தங்கியிருந்தால், ஊடுருவி வரும் ஈரத்தில் அது கரைந்து அடர்கரைசலாகி, சவ்வூடு பரவலால் மேலும் நீரை உள்ளிழுக்க, அந்த அழுத்தத்தில் படலம் எழும்புகிறது. தொட்டிநீர் தூயதாக இருந்தால் இது குறையாது, கூடவே செய்யும். எஸ்ஏ 2½ என்னும் உயர் சுத்தத் தரத்திற்கு பிளாஸ்டிங் செய்த (உராய்துகள்களை வேகமாக வீசித் துப்புரவாக்கிய) எஃகிலும் உப்பு கண்ணுக்குத் தெரியாது. பிரெஸ்லே முறையில், அதாவது பரப்பில் ஒட்டிய சிறு பைக்குள் நீர் செலுத்தி, உப்பைக் கழுவியெடுத்து, அந்நீரின் மின்கடத்துதிறனை அளந்தாக வேண்டும். நார்வே எண்ணெய்த் துறையின் பூச்சுத் தரநிலையான நார்சாக் எம்-501 சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராம் என்று வரம்பிடுகிறது. அந்த அளவீடு எடுக்கப்பட்டதா?

கேட்டவர்:
அறிக்கையில் இல்லை, ஐயா. எஃகின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தது என்ற குறிப்பு மட்டுமே உள்ளது.

பதில் 2:
உடனே உப்பின் மேல் பழிபோட வேண்டாம். மூடிய தொட்டியில் காற்றோட்டம் போதாமல், முதல் கோட்டின் கரைப்பான் வெளியேறும் முன்பே அடுத்ததை அடித்திருந்தால், உள்ளே சிக்கிய கரைப்பானும் இதேபோல் நீரை இழுக்கும். கொப்புளம் காய்ந்துவிடும் முன் சிரிஞ்சால் உள்திரவத்தை எடுத்து, முகர்ந்து பார்த்து, பிஎச் தாளில் சோதியுங்கள். கரைப்பான் வாடை ஒரு தடயம். திரவம் வலுவான காரமாகவும் அடியிலுள்ள எஃகு துருவின்றியும் இருந்தால், தொட்டியில் கேத்தோடிக் பாதுகாப்பு (மின்னோட்டத்தால் துருவைத் தடுக்கும் ஏற்பாடு) உள்ளதா என்று பாருங்கள்; அதுவும் கொப்புளம் எழுப்பக்கூடும். பிறகு படலத்தை உரித்து, அது எஃகிலிருந்து பிரிந்ததா, இரு கோட்டுகளுக்கு இடையில் பிரிந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். புல்-ஆஃப் சோதனை (பூச்சை இழுத்துப் பிரித்து ஒட்டுவலிமையை அளப்பது) செய்வதானால், மெகாபாஸ்கல் எண்ணோடு பிரிந்த இடத்தையும் எழுதச் சொல்லுங்கள். பல அறிக்கைகளில் வெறும் எண்தான் இருக்கிறது.

பதில் 1:
உடன்படுகிறேன். காரணம் உப்பு என்று உறுதியானால், கொப்புளங்களை மட்டும் சுரண்டி டச்-அப் செய்வது வீண். சுற்றிலும் அதே உப்பு இருக்கும். அப்பகுதியை முழுவதும் நீக்கி, உயரழுத்த நன்னீரால் கழுவி, மீண்டும் பிளாஸ்டிங் செய்து, பிரைமருக்கு முன் உப்பை அளந்து கையொப்பம் பெறுங்கள்.