லிஃப்டில் மயங்கிய கதாநாயகியும் டாக்டர் ரகோத்தமனும்

இருள்விழி: என் குறுநாவலில் குளோரோஃபார்ம் கைக்குட்டையால் கதாநாயகி லிஃப்டில் மயங்கும் காட்சி "தகவல் பிழை" என்று ஆளாளுக்கு எழுதியாயிற்று. எல்லாருக்கும் ஒரே பதில். துப்பறியும் கதைக்கு வேண்டியது உயிருள்ள பாத்திரம். வில்லன் டாக்டர் ரகோத்தமனுக்குப் படுத்த படுக்கையாக அம்மா, கழுத்தை நெரிக்கும் கடன், குற்ற உணர்ச்சி எல்லாம் கொடுத்திருக்கிறேன். மனசு நிஜமாக இருந்தால் மற்றதை வாசகர் மன்னிப்பார். பாடம் வேண்டுமென்றால் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓ.டி. சிஸ்டர்: அங்கிருந்துதான் வருகிறேன் தம்பி, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் நான். ரகோத்தமன் யார்? இருபது வருஷமாக மயக்க மருந்து டாக்டர். நாலாவது மாடியில் லிஃப்டுக்குள் கைக்குட்டையை அவள் மூக்கில் வைக்கிறார், மூன்றாவது மாடி வருவதற்குள் அவள் சுருண்டு விழுகிறாள். குளோரோஃபார்முக்கு நிமிஷக் கணக்கு ஆகும். அதுவரை திமிறுவாள், கத்துவாள், கடிப்பாள். நினைவு தப்பினால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். இதெல்லாம் தெரியாதவர் என்ன டாக்டர்? அம்மாவுக்கு எத்தனை வியாதி வைத்தாலும் அவர் கோட்டு மாட்டிய அடியாள்தான்.

மாதநாவல் பைத்தியம்: அக்கா, பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிப் படித்த நாவல்களில் கைக்குட்டை வராத நாவல் உண்டா? யாராவது வாட்ச்சைப் பார்த்தோமா?

ஓ.டி. சிஸ்டர்: அதில் கைக்குட்டை வைத்தவன் ரவுடி. அவனுக்குத் தெரியாது, சரி. இவர் டாக்டர். லிஃப்ட். ஒரே மாடி.

இருள்விழி: முதலில் தம்பி என்பதை நிறுத்துங்கள். 1847இல் எடின்பரோவில் சிம்சன் என்ற டாக்டரும் நண்பர்களும் வீட்டில் உட்கார்ந்து குளோரோஃபார்மை முகர்ந்து மேஜைக்கடியில் விழுந்தது சரித்திரம்.

ஓ.டி. சிஸ்டர்: அவர்கள் ஆசைப்பட்டு டம்ளரில் ஊற்றி முகர்ந்தவர்கள். யாரும் கையை முறுக்கவில்லை. அடுத்த வருஷமே கால் நகத்தை எடுக்க இதைக் கொடுத்ததில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் செத்துப்போனாள். இதயத்தைத் தாக்குகிறதா மூச்சையா என்று பார்க்க 1888, 1889இல் ஹைதராபாத்தில் நிஜாம் ஆதரவில் கமிஷனே உட்கார்ந்தது. இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் இருப்பது புரோபோஃபால், செவோஃப்ளூரேன் போன்ற மயக்க மருந்துகள். ரகோத்தமன் அந்த பாட்டிலை எங்கே பிடித்தார், பள்ளிக்கூட லேபிலா?

நீதிக்கண்ணாடி: நடுவில் நானும் வருகிறேன். போட்டிக்கு அனுப்பிய என் கதையில் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்கி வழக்கை முடித்தபோது, "போலீசிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது, சாட்சியச் சட்டம் தெரியாத இன்ஸ்பெக்டரா?" என்று மார்க்கைக் குறைத்த நடுவர் இதே இருள்விழி சார்தான். அப்போது மனசு எங்கே போயிருந்தது?

இருள்விழி: அது வேறு. உங்கள் இன்ஸ்பெக்டருக்கு மீசையைத் தவிர ஒன்றுமே இல்லை. பரிசு கிடைக்காத எரிச்சலை இங்கே கொட்டாதீர்கள்.

நீதிக்கண்ணாடி: பரிசு வாங்கியவர் யாருடைய வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்? சொல்லட்டுமா?

மாதநாவல் பைத்தியம்: ஆரம்பிச்சுட்டாங்கய்யா.

ஓ.டி. சிஸ்டர்: பரிசு கிடக்கட்டும். ரகோத்தமனை நான் நம்ப அம்மாவே வேண்டாம். அவள் லிஃப்டில் ஏறியதும் அவர் கண் அவள் புறங்கை நரம்புக்குப் போக வேண்டும். கழுத்து குட்டையா, வாய் எவ்வளவு திறக்கும், ஆடுகிற பல் ஏதாவது இருக்கிறதா என்று, மயக்கம் கொடுக்கும் முன் பார்க்கிற பழக்கத்தில், தன்னையறியாமல் பார்க்க வேண்டும். "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்க வேண்டும். கல்யாணப் பந்தியில்கூட எதிர்வரிசைக்காரர் தாடையை அளக்கிற டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வரி போதும், எனக்கு உடம்பு சிலிர்த்திருக்கும்.

இருள்விழி: இதையெல்லாம் எழுதினால் வாசகர் தூங்கிவிடுவார்.

ஓ.டி. சிஸ்டர்: தூங்கட்டும். ஒரு மாடிக்குள் தூங்க மாட்டார்.

மாதநாவல் பைத்தியம்: இவ்வளவு தெரிந்த நீங்களே ஒரு கதை எழுதலாமே அக்கா?

ஓ.டி. சிஸ்டர்: எழுதினேன். "மருத்துவ வாடை தூக்கல்" என்று ஒரு விமர்சனம் வந்தது. எழுதிய கை இதே இழையில்தான் இருக்கிறது.

இருள்விழி: தூக்கல்தான். இப்போதும் சொல்வேன்.

நீதிக்கண்ணாடி: வாட்ஸ்அப் குழு பற்றிக் கேட்டேன். பதில் வரவில்லை.