ஆங்கிள் கேஜ் 45.0 காட்டுகிறது, பெட்டியின் நாலாவது மூலை மட்டும் சேரவில்லை. எந்தக் கருவி வாங்குவது?

மரத்தூள்:

வணக்கம். வீட்டோடு ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். டேபிள் சா (மேசை ரம்பம்), ஜாயின்டர் (பலகை ஓரத்தை நேராகச் சீவும் இயந்திரம்), மைட்டர் சா (கோணத்தில் குறுக்கே வெட்டும் ரம்பம்) மூன்றும் உண்டு. தொழில் இல்லை, பொழுதுபோக்குதான்.

போன வாரம் ஒரு பெட்டி செய்தேன். 18 மி.மீ. பலகை, நாலு பக்கமும் ஓரத்தை 45 டிகிரி சாய்வில் வெட்டிச் சேர்ப்பது. காந்த அடி உள்ள டிஜிட்டல் ஆங்கிள் கேஜை (சாய்வை டிகிரியில் காட்டும் கருவி) மேசையில் வைத்து ஜீரோ செய்தேன். பிளேடில் ஒட்டி, 45.0 வரும்வரை சாய்த்து, பூட்டி, வெட்டினேன். மூன்று மூலை கச்சிதம். நாலாவது மூலையில் உள்பக்கம் இடிக்கிறது, வெளிப்பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறது. பிறகு கேஜை மறுபடி ஒட்டிப் பார்த்தால் அதே பிளேடு 45.15 என்கிறது. எதை நம்புவது?

கேஜின் விவரத்தாளில் ரெசல்யூஷன் 0.05, துல்லியம் ±0.2 என்று போட்டிருக்கிறது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னும் நல்ல டிஜிட்டல் வாங்கலாமா, வெர்னியர் (நுண் அளவுகோல்) உள்ள பெவல் புரொட்ராக்டர் என்ற கோணமானி வாங்கலாமா, இல்லை 90 டிகிரி பார்க்கும் இரும்பு மூலைமட்டமும் 45 டிகிரி பிளாக்கும் போதுமா? ஜியோமெட்ரி பாக்ஸ் பாகைமானி வேண்டாம் என்பது மட்டும் தெரியும்.

சீவல்சுருள்:

கருவிக்குப் போகும் முன்னால் ஒன்று. எதிரெதிர்ப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விரலால் தடவிப் பாருங்கள். நீளத்தில் அரை மில்லி வித்தியாசம் இருந்தாலே, கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் கடைசி மூலை வாய் பிளக்கும். நான் இரண்டு நாள் பிளேடைத் திட்டிவிட்டுக் கடைசியில் ஸ்டாப் பிளாக்கில் (எல்லாத் துண்டும் ஒரே நீளத்தில் வர முட்டுக்கொடுக்கும் கட்டை) ஒட்டிய தூளைக் கண்டுபிடித்தவன்.

மரத்தூள்:

பார்த்துவிட்டேன். இரண்டு ஜோடியும் நகம்கூட இடறாத அளவுக்குச் சமம்.

மில்லிமீட்டர்:

நான் லேத், மில்லிங் பக்கம் வேலை செய்தவன். மரத்துக்குப் பின்னால்தான் வந்தேன்.

உங்கள் விவரத்தாளிலேயே பாதி பதில் இருக்கிறது. 0.05 என்பது திரையில் எண் எத்தனை நுணுக்கமாக நகரும் என்பது. ±0.2 என்பது அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது. விற்பவர்கள் முதலாவதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். திரையில் தெரியும் 45.0, நிஜத்தில் 44.8 ஆகவும் இருக்கலாம், 45.2 ஆகவும் இருக்கலாம். கேஜ் பொய் சொல்லவில்லை, தன்னால் முடிந்ததை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டது.

இப்போது கணக்கு. நாலு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் 0.1 டிகிரி பிசகினால், மூன்று மூலைகளை இறுக்கி மூடியபின் மொத்தம் 0.8 டிகிரியும் கடைசி மூலையின் தலையில் விழும். 18 மி.மீ. பலகையில் சாய்ந்த முகத்தின் அகலம் சுமார் 25.5 மி.மீ. அதில் 0.8 டிகிரி என்றால் 0.36 மி.மீ. சந்து. உங்கள் விசிட்டிங் கார்டின் கனமும் ஏறக்குறைய அதுதான். ஆக உங்கள் பிளேடின் பிசகு 0.1 டிகிரியை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் பிசகு என்பதையும் மூலையே சொல்கிறது. உள்ளே இடித்து வெளியே திறந்தால் பிளேடு 45-க்குக் குறைவாகச் சாய்ந்திருக்கிறது. வெளியே சேர்ந்து உள்ளே திறந்தால் சாய்வு அதிகம். உங்களுடையது முதல் வகை. ஜீரோவை மேசையில் வைத்ததால் நிமிர்ந்த பிளேடு 90 காட்டும், சாயச் சாய எண் குறையும். ஆகவே பிறகு வந்த 45.15 என்பதும் ‘சாய்வு போதவில்லை’ என்றுதான் சொல்கிறது. இரண்டு சாட்சியும் ஒத்துப்போகிறது.

வாங்குவதென்றால் 100 மி.மீ. இரும்பு மூலைமட்டம் ஒன்று, முதலில். டிஐஎன் 875 என்ற ஜெர்மன் தரத்தில் சாதாரண இரண்டாம் கிரேடுக்கே 100 மி.மீ. நீளத்தில் அனுமதிக்கும் பிசகு 0.03 மி.மீ. டிகிரியில் சொன்னால் 0.02-க்கும் கீழே. உங்கள் கேஜோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கு மேல் நுணுக்கம். பேட்டரியும் கிடையாது. வெர்னியர் பெவல் புரொட்ராக்டர் 5 நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்குவரை படிக்கும். அருமையான கருவிதான், ஆனால் டேபிள் சாவில் குனிந்து, பிளேடு பற்களைத் தவிர்த்து அதை உட்காரவைத்து, கோடு பார்த்துப் படிப்பதற்குள் கழுத்து வலி வந்துவிடும். மெஷின் ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

கொட்டாப்புளி:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் தம்பி, நீங்கள் வெட்டியபோது பிளேடு 45-ல் நின்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். பூட்டும்போது நகர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். பல இயந்திரங்களில் சாய்வுக் குமிழைத் திருகிப் பூட்டும்போதே பிளேடு ஒரு முடி அளவு திரும்பும். ஆகவே எண்ணைப் பூட்டுவதற்கு முன் பார்க்காதீர்கள், பூட்டிய பிறகு பாருங்கள். சக்கரத்தை எப்போதும் ஒரே திசையில் திருப்பி எண்ணை அடையுங்கள். தாண்டிவிட்டால் நிறையப் பின்னால் போய்த் திரும்பி வாருங்கள், இல்லாவிட்டால் பல்சக்கரத்தில் உள்ள தளர்வு உங்களை ஏமாற்றும். சாய்வை நிறுத்தும் போல்ட்டின் முகத்தில் தூள் கட்டியிருக்கிறதா என்றும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது.

கேஜ் வைக்கும் விதத்திலும் சிலது உண்டு. மேசையில் எந்தக் காந்த முகத்தை வைத்து ஜீரோ செய்கிறீர்களோ, அதே முகத்தைத்தான் பிளேடில் ஒட்ட வேண்டும். பக்கவாட்டு முகம் அடிமுகத்துக்குச் சரியான 90-ல் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஜீரோ செய்யும்போது கேஜ் பிளேடுக்குக் குறுக்காக, பிளேடில் ஒட்டும்போது எந்தத் திசையில் பார்க்குமோ அதே திசையில் இருக்கட்டும். பிளேடைச் சுற்றியுள்ள இன்சர்ட் தகட்டில் வைக்காதீர்கள், அது மேசையோடு சரியான மட்டத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. வார்ப்பிரும்பு மேசையில் வையுங்கள். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, தகட்டின் உடம்பில் மட்டும் ஒட்டுங்கள். பல் தகட்டைவிடத் தடிமன், கேஜின் ஓரம் பல்மேல் ஏறினால் கதை முடிந்தது. பிளேடில் மரப்பிசின் படிந்திருந்தாலும் அதே கதிதான்.

மரத்தூள்:

அண்ணா, நான் இன்சர்ட் தகட்டில்தான் ஜீரோ செய்தேன். பூட்டுவதற்கு முன்னால்தான் எண்ணும் பார்த்தேன். இரண்டு குற்றமும் என்னுடையது.

கேஜ் கெட்டதா, நல்லதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? மூலைமட்டம் வாங்கினால் அது சரியா என்பதை எதை வைத்துச் சோதிப்பது?

கொட்டாப்புளி:

மூலைமட்டத்துக்கு இன்னொரு மூலைமட்டம் தேவையில்லை. நேர் ஓரம் உள்ள ஒரு எம்டிஎஃப் (அழுத்திய மரநார்) பலகையில் வைத்துக் கூரான கத்தியால் கோடு போடுங்கள். மூலைமட்டத்தை மறுபுறம் புரட்டி, அதே இடத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் சரி. விரிந்தால், விரிவில் பாதிதான் உண்மையான பிசகு. புரட்டும்போது பிசகு இரட்டிப்பாகி வெளியே வந்துவிடுகிறது.

அப்புறம் அந்த மூலைமட்டத்தை வைத்துக் கேஜைப் பிடியுங்கள். மேசையில் ஜீரோ செய்து, மூலைமட்டத்தின் நிமிர்ந்த தகட்டில் ஒட்டினால் 90.0 வர வேண்டும். ஐந்து முறை எடுத்து எடுத்து ஒட்டுங்கள். ஐந்து முறையும் 89.9 என்றால் கவலை இல்லை, கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வேறு எண் என்றால், காந்தத்தின் முகத்தைத் துடைத்து, பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அலைந்தால் அதைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடலாம்.

மில்லிமீட்டர்:

காம்பினேஷன் ஸ்கொயரில் (தகட்டில் தலை நகரும் மூலைமட்டம்) 45-ம் இருக்கிறதே என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். லாராய் ஸ்டாரெட் 1879-ல் காப்புரிமை வாங்கிய யோசனை அது, இன்றுவரை அதைவிடப் பயனுள்ள கருவி குறைவு. ஆனால் தலை தகட்டில் சறுக்குவதால், அந்தப் பள்ளத்தில் ஒரு சுருள் சிக்கினாலே கோணம் மாறும். மலிவானவற்றில் 90 சரியாக இருக்கும், 45 பக்கம் சொதப்பும். குறியிட வைத்துக்கொள்ளுங்கள், இயந்திரம் சரிசெய்ய வேண்டாம். ஜியோமெட்ரி பாக்ஸை ஒதுக்கினீர்களே, அதில் பாகைமானிதான் உதவாது. நல்ல வரைபட செட் ஸ்கொயர் ஒன்றின் 45 மூலை, பிளேடோடு ஒட்டிப் பார்க்க ஆச்சரியமான அளவுக்குச் சரியாக இருக்கும். ஒளியை எதிரே வைத்துப் பாருங்கள்.

மரத்தூள்:

இன்னும் இரண்டு சந்தேகம். மைட்டர் கேஜ் (டேபிள் சாவில் பலகையைக் கோணத்தில் பிடித்துத் தள்ளும் தாங்கி) 90-ல் இருக்கிறதா என்று பார்க்க டிஜிட்டல் கேஜைப் படுக்கவைத்தால் எண் நகரவே மாட்டேன் என்கிறது. ஜாயின்டர் ஃபென்ஸுக்கு (பலகையைச் சாய்த்துத் தள்ளும் பக்கச் சுவர்) எது சரி? அடுத்து எட்டு மூலைப் பெட்டி ஒன்று செய்யும் திட்டமும் இருக்கிறது.

மில்லிமீட்டர்:

அது நகராது. உள்ளே இருக்கும் சென்சாருக்குத் தெரிந்தது புவியீர்ப்பு ஒன்றுதான். சாய்வைப் பார்க்கும், படுக்கையாகத் திரும்புவதைப் பார்க்காது. மைட்டர் கேஜுக்குக் கருவியே வேண்டாம், ஐந்து வெட்டு முறை போதும். சுமார் 400 மி.மீ. சதுரப் பலகை எடுங்கள். ஒரு ஓரத்தை வெட்டி, வெட்டிய ஓரத்தை ஃபென்ஸில் சாய்த்து அடுத்த ஓரம் என்று நாலு பக்கமும் சுற்றி வாருங்கள். ஐந்தாவதாக முதல் ஓரத்திலிருந்தே மறுபடி ஒரு பட்டை எடுங்கள். அந்தப் பட்டையின் இரு நுனி அகலத்தையும் வெர்னியர் காலிப்பரில் அளந்து, வித்தியாசத்தை நாலால் வகுங்கள். 12.6, 12.0 என்று வந்தால் வித்தியாசம் 0.6, நாலால் வகுத்தால் 0.15. 400 மி.மீ. நீளத்தில் 0.15 மி.மீ. என்பது 0.02 டிகிரி. எந்த டிஜிட்டல் கேஜ் இதைக் காட்டும்?

எட்டு மூலைக்கு 22.5 சாய்வு, பதினாறு வெட்டு. 0.1 பிசகு 1.6 ஆகிவிடும், கவனம். டிஜிட்டல் கேஜை வைத்துப் பக்கத்தில் போய்விடுங்கள். வீணான மரத்தில் நாலு துண்டு வெட்டி, டேப் போட்டு அரை வளையமாகச் சேருங்கள். இரண்டு முனை முகங்களும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நேர் தகடு ஒன்றை இரண்டுக்கும் குறுக்கே வைத்து, சந்து தெரிகிற பக்கம் பார்த்துப் பிளேடை ஒரு துளி திருத்துங்கள்.

கொட்டாப்புளி:

ஜாயின்டருக்கு மூலைமட்டம்தான். கேஜை ஒட்ட ஆசையிருந்தால் முதலில் ஃபென்ஸ் இரும்பா, அலுமினியமா என்று பாருங்கள், அலுமினியத்தில் காந்தம் பிடிக்காது. ஃபென்ஸ் துளி பிசகியிருந்தாலும் தப்பிக்க ஒரு பழைய வழி உண்டு. ஒட்டப்போகும் இரண்டு பலகைகளில் ஒன்றின் முகத்தையும், மற்றதின் முதுகையும் ஃபென்ஸில் சாய்த்து ஓரம் சீவுங்கள். ஒன்று 89.8 என்றால் மற்றது 90.2. சேர்த்தால் தட்டை.

மரத்தூள்:

நேற்று மூலைமட்டம் வந்தது. புரட்டிக் கோடு போட்டேன், இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. கேஜ் அதில் ஐந்து முறையும் 90.1-ஐ ஒட்டியே காட்டியது, நாலு முறை 90.10, ஒரு முறை 90.15. அதாவது உறுதியான பொய்யன்.

இந்த முறை மேசையில் ஜீரோ, ஒரே திசையில் சக்கரம், பூட்டியபின் எண். இரண்டு வீண் துண்டை 45-ல் வெட்டிச் சேர்த்து மூலைமட்டத்தின் உள்ளே வைத்தேன். வெளிச்சம் ஒரு முடி அளவு தெரிந்தது. ஒரு துளி திருத்தி மறுபடி வெட்டினேன், இருட்டு. புதிய பெட்டி இப்போது கிளாம்பில் இருக்கிறது. நாலாவது மூலையில் விசிட்டிங் கார்டு நுழையவில்லை, பசை மட்டும் நுழைந்தது.

சீவல்சுருள்:

பசை காயும்வரை ஸ்டாப் பிளாக்கைத் துடைத்து வையுங்கள்.