‘திறந்ததுதான் திறந்தாச்சு, அதையும் பண்ணிடலாமே’: நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள்?

பழைய கார்பரேட்டர்:
வண்டி ட்வின் கேம் 88, ஹார்லி-டேவிட்சனின் 88 கன அங்குல இரட்டை சிலிண்டர் எஞ்சின். அதை 95 ஆக்கும் வேலை இங்கே எல்லோருக்கும் தெரியும், நீட்டி விளக்கப் போவதில்லை. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதே 101.6 மி.மீ., அதனால் கிராங்க் இருக்கும் அடிக்கூடான கிராங்க் கேஸைப் பிரிக்கத் தேவையில்லை. 95.25 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 98.4 ஆகிறது, புது பிஸ்டன், அவ்வளவுதான் திட்டம். இரண்டு நாளில் முடியும் என்று ஆரம்பித்தேன். ஹெட்டைக் கழற்றி மேஜையில் வைத்ததும் பக்கத்தில் நின்ற நண்பன், “திறந்ததுதான் திறந்தாச்சு, கேமையும் மாத்திடேன்” என்றான். வால்வைத் திறந்து மூடும் தண்டுதான் கேம். சரி என்றேன். கேம் மாறினால் வால்வ் திறக்கும் உயரமான லிஃப்ட்டும் மாறும், பழைய வால்வ் ஸ்பிரிங் அதைத் தாங்குமா? அதுவும் வந்தது. ஸ்பிரிங்குக்காக வால்வைக் கழற்றினால் காற்று போகும் வழியான போர்ட் கண்ணுக்கு நேரே தெரிகிறது, தேய்க்காமல் விட மனசு வருமா? இரண்டு நாள் இரண்டரை மாதம் ஆனது.

உறுத்துவது அது இல்லை. பின் சிலிண்டர் பிஸ்டன், அதன் பின்னைப் பிடித்து நிறுத்தும் கடைசி சர்க்கிளிப், இரவு பதினொரு மணி. கிராங்க் கேஸ் வாயில் துணி அடைத்துத்தான் வைத்திருந்தேன். கனெக்டிங் ராடை நகர்த்த இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் முன்புதான் உருவினேன். கிளிப் தெறித்தது. சுவரில் பட்ட சத்தம் இல்லை, தரையில் விழுந்த சத்தமும் இல்லை. கம்பியில் காந்தத்தைக் கட்டி உள்ளே விட்டு இரண்டு மணி நேரம் துழாவினேன். வெறும் எண்ணெய்தான் வந்தது. இனி கேஸைப் பிரிக்காமல் வழியில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் குளிக்கப் போய்ச் சட்டையைக் கழற்றினால், முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்த கை மடிப்பிலிருந்து கிளிப் கீழே விழுந்தது. மனசு குளிர்ந்திருக்க வேண்டும் இல்லையா? கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஏனென்றால் அந்த இரண்டு மணி நேரமும் ‘கேஸைத்தான் பிரிக்கப் போகிறோமே, அப்படியே ஸ்ட்ரோக்கைக் கூட்டும் ஸ்ட்ரோக்கர் கிராங்கையும் போட்டுவிட்டால் என்ன’ என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு பெட்டி ஒரு தலையணை:
எனக்கும் பெரிய போர்தான், வேறு வண்டி. ஓட்டத்தில் பிரமாதம். முதல் நீண்ட பயணம், பின்னால் மனைவி, இரு பக்கமும் நிறைந்த பெட்டிகள், நல்ல வெயில், மலை ஏற்றம். நாலாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் திருகினேன். டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினால் எப்படி இருக்கும், அந்தச் சத்தம். வால்வ் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலும் திருகினேன். மனைவி தோளைத் தட்டி, “ஏதோ உள்ளே உடையுதுங்க” என்றாள். வண்டி பக்கம் போகாதவளுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று கம்ப்ரஷன் கேஜ் வைத்தேன், 210 பிஎஸ்ஐ, அதிகம். பின் சிலிண்டர் பிஸ்டனின் ஓரத்தில் அரித்த மாதிரி புள்ளிகள். சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே வரும் கேஸ்கெட்டைத் தடித்ததாகப் போட்டுக் கம்ப்ரஷனை இறக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாயின்ட் ஃபோர்:
தடித்த கேஸ்கெட்டா? நண்பரே, தப்பாக நினைக்க வேண்டாம், அதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பிஸ்டன் மேலே வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சந்து ஒரு மில்லிமீட்டர் அளவில் இருந்தால்தான் ஓரத்துக் கலவை நசுங்கி நடுவுக்குப் பாயும், சுழலும், சீராக எரியும். கேஸ்கெட்டைத் தடியாக்கினால் சந்து அகன்றுவிடும். ஓரத்தில் தங்கும் கலவை தீ வந்து சேரும் முன்பே சூட்டில் தானாக வெடிக்கும். கம்ப்ரஷன் எண் குறைந்திருக்கும், நாக்கிங், அதாவது நீங்கள் கேட்ட அந்தக் கூழாங்கல் சத்தம், அப்படியே இருக்கும். இறக்குவதென்றால் பிஸ்டன் தலையில் குழியுள்ளதாகப் பார்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஹெட்டின் அறையைப் பெரிதாக்க வேண்டும்.

பழைய கார்பரேட்டர் அண்ணனுக்கும் ஒன்று. போரை மட்டும்தான் மாற்றினேன், அவ்வளவுதான் என்று சொல்கிறீர்கள். அவ்வளவுதான் இல்லை. உங்கள் வண்டியில் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 724 சிசி. கம்ப்ரஷன் 9, அதாவது கலவை ஒன்பதில் ஒரு பங்காக நசுங்குகிறது என்று வைத்துக்கொண்டால் மேலே மிச்சமிருக்கும் அறை 90.5 சிசி. அறை அப்படியே இருக்க, சிலிண்டர் 773 ஆனால் கம்ப்ரஷன் 9.5 தாண்டிவிடும். யாரும் எதையும் ஏற்றவில்லை, தானாக ஏறியது. அதனால் வாங்கும் முன்பே அறையின் கொள்ளளவை ஊசிக்குழாயில் திரவம் விட்டு அளந்துகொள்ள வேண்டும். பிஸ்டன் ரிங் விஷயம் இன்னும் மோசம். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டுகிறார்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டால் அதன் வாய் இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு 25 மி.மீ. போருக்கும் 0.1 மி.மீ. என்பது பொதுக் கணக்கு, 98.4க்கு சுமார் 0.4 வரும். குறைவாக இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு சிலிண்டரைக் கீறிவிடும். கிளட்ச்சையும் யோசியுங்கள், டார்க் (சுழற்று விசை) ஏறினால் பழைய ஸ்பிரிங்கோடு அது வழுக்கும்.

என் கதையா? ரிங் வாயை அளக்காமல் மாட்டினேன். 300 கிலோமீட்டர்தான் ஓடியது. பெயர்க் காரணம் புரிந்திருக்கும்.

மழைக்கோட்:
நானும் லிஃப்ட் அதிகமான கேம் வாங்கி, வால்வ் பிஸ்டனில் இடிக்குமா என்று களிமண் வைத்துப் பார்த்தவன்தான். பிஸ்டன் தலையில் வால்வுக்கான பள்ளத்தில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை ஏற்றி, கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று. எங்கும் இடிக்கவில்லை, வெண்ணெய் மாதிரி சுற்றியது. இதுக்குப் போய் இவ்வளவு பயந்தோமே என்று சிரித்துக்கொண்டே ஹெட்டைத் தூக்கினேன். எக்ஸாஸ்ட் வால்வ் பதிந்த இடத்தில் களிமண் வெங்காயத் தோல் மாதிரி நின்றது, கீழே பிஸ்டனின் பளபளப்பு தெரிந்தது. பிளேடால் அறுத்து அளந்தேன், 0.9 மி.மீ. அங்கே இரண்டரையாவது வேண்டும். ஓடும் எஞ்சினில் சங்கிலித் தளர்வு, ஸ்பிரிங் தடுமாற்றம் எல்லாம் சேர்ந்தால் 0.9 எங்கே போகும் என்று யோசித்தபோது கை ஜில்லிட்டது. லிஃப்ட் குறைந்த கேமுக்கு மாறிவிட்டேன்.

பாயின்ட் ஃபோர்:
கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும், எண்ணெய் நிரம்பிய ஹைட்ராலிக் லிஃப்டர் வைத்தா அளந்தீர்கள்? வால்வ் ஸ்பிரிங் அழுத்தத்தில் அது அமுங்கிவிடும். வால்வ் முழு அளவு திறந்திருக்காது. உங்கள் 0.9 கூட நிஜம் இல்லை.

மழைக்கோட்:
இப்போது சொல்லி என்ன பயன்? இன்று ராத்திரித் தூக்கம் போச்சு.

ஐந்தாவது கியர்:
என்னுடையது சின்னக் கதை. எஞ்சினைத் திறக்கவில்லை, கேம் மட்டும். வரைபடத்தில் குதிரை சக்தி அழகாக மேலே போனதைப் பார்த்து வாங்கினேன். அந்த அழகெல்லாம் நிமிடத்துக்கு 4500 சுற்றுக்கு மேலே. சுமையோடு போகும் நான் நாள் முழுக்க இருப்பது 2500, 2800. ஒரு லாரியைத் தாண்ட வலது பக்கம் ஏறினேன், திருகினேன், ஒன்றும் வரவில்லை. எதிரே வெளிச்சம். ஒரு கியர் இறக்கித் தப்பித்தேன். இன்டேக் வால்வ் தாமதமாக மூடும் கேம், கீழ் வேகத்தில் உள்ளே வந்த காற்றையே திருப்பி வெளியே தள்ளும் என்பதெல்லாம் பிறகு படித்தது. பழைய கேமையே திரும்பப் போட்டேன். ஏர் ஃபில்டர், சைலன்சர், அதற்கேற்ற எரிபொருள் மேப் (கணினி அமைப்பு), அதோடு இருக்கிறேன். யாரிடமும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத வண்டி, ஆனால் லாரியைத் தாண்டுகிறது.

இரண்டு பெட்டி ஒரு தலையணை:
பாயின்ட் ஃபோர் சொன்னதைப் படித்துவிட்டு இன்று ஹெட்டைக் கழற்றிச் சந்தை அளந்தேன். 1.7 மி.மீ. வெயிலில் மலைப் பக்கம் போகாததால்தான் சத்தம் கேட்கவில்லை போல. சரி, பிஸ்டன் மாற்ற வேண்டும். எப்படியும் திறந்தாச்சு, ஒரு நல்ல கேம் சொல்லுங்களேன்.

ஐந்தாவது கியர்:
நான் கழற்றி வைத்த அந்த கேம் பெட்டியோடு இருக்கிறது. தர மாட்டேன்.

மழைக்கோட்:
பழைய கார்பரேட்டர் அண்ணே, கடைசியில் அந்த ஸ்ட்ரோக்கர் போட்டீர்களா?

பழைய கார்பரேட்டர்:
இல்லை. அன்று இரவே பிஸ்டனை மாட்டி, சிலிண்டரை இறக்கி மூடிவிட்டேன். விடியும் வரை காத்திருந்தால் என்னை நம்ப முடியாது. கணக்குப் போட்ட தாள் மட்டும் டூல் பெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது.